நூற்கஞ்சியும் நுண்ணுயிரும்

விடியற்காலையில் கைத்தறி நெசவாளர் வாழும் தெருவினுள் நுழைபவர் முதலில் காண்பது தறியை அன்று. தெருவின் நீளத்திற்கு இழுத்துக் கட்டிய பாவினையே காண்பர். ஆயிரக்கணக்கான இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் இடுப்பளவு உயரத்தில் நீண்டு கிடக்கும். அவற்றின் இருமருங்கிலும் ஆடவரும் பெண்டிரும் நின்று அரிசிக் கஞ்சியைப் பூசி, நார்த் தூரிகையால் நீவிக்கொண்டே நடப்பர். வெயில் ஏறுமுன் கஞ்சி நூலில் படிந்து உலர்தல் வேண்டும். மழை தூறினால் அன்றைய உழைப்பு வீண். இக்காட்சி இன்று அருகிவிட்டது. ஆயினும் முற்றும் மறைந்து போகவில்லை.

நூலுக்குக் கஞ்சி எதற்கு? பாவு நூல் தறியிற் படும் பாடு கொஞ்சமன்று. அது விழுதினூடே ஓயாமல் ஏறி இறங்குகின்றது. அச்சின் பற்களுக்கிடையே உராய்கின்றது. நாடா பாயுந்தோறும் அதிர்கின்றது. கவசமின்றிப் போர்க்களம் புகுந்த வீரனைப் போல், கஞ்சியில்லாப் பாவு நூல் சிறிது நேரத்திலேயே பிசிர் எழுந்து அறுந்துவிடும். ஊடை நூலுக்கு இத்தகைய துன்பம் இல்லை. ஆகவே அதற்குக் கஞ்சியும் இல்லை. பாவு நூலின் எடையில் 100-க்கு 8 முதல் 15 பங்கு வரை இக்கவசத்தின் எடை இருத்தலுண்டு.

ஆனால் நெய்து முடிந்ததும் இக்கவசத்தைக் களைந்தாக வேண்டும். கஞ்சி ஒட்டிய துணியிற் சாயம் ஒருசீராகப் பற்றாது. எனவே ஆலைகளில் வெளுப்பதற்கும் சாயமிடுவதற்கும் முன்னர்த் துணியைக் கழுவிக் கஞ்சியை முழுவதும் அகற்றுகின்றனர். நூலின் மேல் ஏற்றிய பொருள் ஏறக்குறைய அனைத்தும் நீரிற் போய்ச் சேருகின்றது. துணியை வாங்குவோர் எவரும் காணாத பொருள் இது. நெசவுக்காகவே பிறந்து, நெசவு முடிந்தவுடன் சாக்கடைக்குச் செல்வது இதன் விதி.

அரிசிக் கஞ்சியோ, மரவள்ளி மாவுக் கஞ்சியோ, மக்காச்சோள மாவுக் கஞ்சியோ எதுவாயினும் அது மாவுப்பொருளே. மாவுப்பொருளை உண்ணத் தெரியாத நீர்நிலை உலகில் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே அளவுள்ள பாக்டீரியாக்கள் ஆற்று நீரிலும் சேற்றிலும் கோடி கோடியாக வாழ்கின்றன. அவற்றுட் பல, மாவுப்பொருளை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதியைத் தாமே சுரக்கின்றன. நொதி என்பது, தான் செலவாகாமல் ஒரு வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் புரதம். மனிதன் உமிழ்நீரிலும் இத்தகைய நொதி ஒன்று உண்டு. சோற்றை நெடுநேரம் மெல்லும்பொழுது இனிப்புத் தோன்றுவது அதனாலேதான். பாக்டீரியாவின் இந்நொதியைக் கொண்டே துணியின் கஞ்சியை அகற்றும் முறைக்கு 1917-ஆம் ஆண்டிலேயே புவாடேன், எப்ரன் என்னும் இருவர் காப்புரிமை பெற்றனர். ஆகவே துணித்தொழிலுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு புதியதன்று.

எனினும், மாவுக்கஞ்சி தீங்கற்றது என எண்ணிவிடல் ஆகாது. ஒரு தெருவின் கஞ்சியை ஆறு எளிதில் உண்டுவிடும். ஓர் ஆலையின் கஞ்சி ஒரே இடத்தில் வந்து விழுந்தால், பாக்டீரியாக்கள் விருந்து கண்ட கூட்டம்போல் பெருகும். உண்ணுந்தோறும் அவை நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். மீன்களுக்கு மூச்சுவிடக் காற்று மிஞ்சாது. கஞ்சி நஞ்சன்று, ஆயினும் அதனால் மீன்கள் மடிகின்றன. உணவு மிகுந்ததனால் உயிர் போகும் இந்த முரண்பாட்டை முதன்முதலாக எண்ணிப் பார்ப்பவர்க்கு வியப்பாகவே இருக்கும்.

இதனை அளப்பதற்கு ஒரு சோதனை உண்டு. கழிவுநீரைச் சிறிதளவு எடுத்து, பிராணவாயு நிறைந்த நல்ல நீரோடு கலந்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து இருட்டில் வைப்பர். குறித்த நாள் சென்றபின், எவ்வளவு பிராணவாயு செலவாகியிருக்கிறது என்று பார்ப்பர். மிகுதியாகச் செலவாகியிருப்பின் நீர் மிகவும் மாசுற்றது. குறைவாகச் செலவாகியிருப்பின் தூயது. இங்கிலாந்தில் கழிவுநீரைப் பற்றி ஆராய்ந்த அரசக் குழு ஒன்று 1912-ஆம் ஆண்டில் இச்சோதனைக்கு ஐந்து நாள் என வரையறுத்தது. அந்நாட்டு ஆறுகள் ஊற்றிலிருந்து கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் ஆவதில்லை என்பது அதற்குக் காரணம் என்பர். வெப்பம் மிகுந்த இந்திய நாட்டில் இதனை 27 பாகை வெப்பநிலையில் மூன்று நாள் செய்கின்றனர். எளிய சோதனை, நல்ல சோதனை. ஆயினும் அதில் ஒரு நிபந்தனை மறைந்து கிடக்கின்றது. புட்டியினுள் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த மாசினை உண்ணத் தெரிந்தவையாக இருத்தல் வேண்டும். உண்ணத் தெரியாதவற்றின் முன் எத்தனை படையல் வைத்தாலும் இலை அப்படியே இருக்கும். பசியே இல்லை என்று சோதனையும் கூறிவிடும்.

இந்த நிபந்தனை பின்னர்ப் பெருங்குழப்பத்தை விளைத்தது. அதனை அறிய, புதிதாகத் தோன்றிய கஞ்சி ஒன்றின் வரலாற்றைக் காண வேண்டும்.

1924-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன், ஹேனல் என்னும் வேதியியலறிஞர் இருவர் பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பொருளை உண்டாக்கினர். இது பாலிமர் வகையைச் சேர்ந்தது. சிறு மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து நெடுஞ்சங்கிலி ஆனால் அதனைப் பாலிமர் என்பர். மாவுப்பொருளும் பருத்தியும் பட்டும் இயற்கை செய்த பாலிமர்கள். ஹெர்மன் செய்தது செயற்கைப் பாலிமர். பெயர் நீண்டதாகலின் இதனை வினைல் கஞ்சி எனச் சுருக்கிச் சொல்வது எளிது. செயற்கைப் பாலிமர்களிற் பெரும்பாலானவை நீரிற் கரையா, இது கரையும். உலர்ந்தால் கண்ணாடி போன்ற மெல்லிய, உறுதியான தோலாகப் படியும். நூலுக்குக் கவசமாக இதைவிடப் பொருத்தமானது வேறென்ன வேண்டும்?

ஆயினும் இதனைப் பெருமளவிற் செய்யத் துணிந்த நாடு ஜப்பான். பருத்தி விளையாத அந்நாட்டில் சுண்ணாம்புக்கல் உண்டு, நிலக்கரியும் உண்டு. அவ்விரண்டிலிருந்தும் தொடங்கி, படிப்படியாக வினைல் பொருளைச் செய்யலாம். கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் இசிரோ சகுராடா என்பாரும், கொரிய நாட்டினரான ரி சங் கி என்பாரும் உள்ளிட்ட குழுவினர் 1939-ஆம் ஆண்டில் இப்பொருளிலிருந்தே நீரிற் கரையாத இழை ஒன்றைச் செய்தனர். 1950-ஆம் ஆண்டில் குராஷிகி ரேயான் நிறுவனம் வினைலான் என்னும் பெயரில் அவ்விழையை வாணிகப் பொருளாக்கியது. கல்லிலிருந்து நூல் நூற்ற கதை அது, தனியே சொல்லத்தக்கது. இங்கு வேண்டுவது இவ்வளவே: ஜப்பானிய மண்ணும் ஓடையும் இப்பொருளைப் பிற நாட்டு மண்ணிற்கு முன்னரே பழகத் தொடங்கின.

பின்னர்ப் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணிகள் உலகெங்கும் பரவின. தறிகளின் வேகமும் பெருகியது. மாவுக்கஞ்சி பாலியெஸ்டரில் நன்றாக ஒட்டாது. வினைல் கஞ்சி ஒட்டும். ஆகவே ஆலைகள் இதனை விரும்பி ஏற்றன. ஏற்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாவுக்கஞ்சியைக் கழுவிய நீரைப் புட்டிச் சோதனைக்கு உட்படுத்தினால் பிராணவாயுச் செலவு மிகப் பெரிதாக இருக்கும். வினைல் கஞ்சியைக் கழுவிய நீரில் அது மிகச் சிறிதே. மாவை விட்டு வினைலுக்கு மாறினால் ஆற்றின் சுமை குறையும் என்று அறிஞர்களே அறிவுரை கூறிய காலம் ஒன்று இருந்தது. சோதனைத் தாளில் எண் குறைந்தது. ஆலையாரும் மகிழ்ந்தனர், அதிகாரிகளும் மகிழ்ந்தனர்.

எண் குறைந்ததேயன்றி மாசு குறையவில்லை. புட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் இப்பொருளை உண்டதுமில்லை, கண்டதுமில்லை. அவை உண்ணாதிருந்ததையே மனிதர் தூய்மை என்று கணக்கிட்டனர். பாக்டீரியாவை நம்பாமல், கடுமையான இரசாயனப் பொருளைக் கொண்டு நீரிலுள்ள அனைத்தையும் எரித்து அளக்கும் வேறொரு சோதனை உண்டு. அதன்படி பார்த்தால் வினைல் கஞ்சி நீரின் மாசு மலைபோல் நின்றது. நிறமில்லை, மணமில்லை, புட்டிச் சோதனையிலும் அகப்படுவதில்லை. சாயம் கலந்த நீரைக் கண்டு ஊரார் சினங்கொள்வர். இதனைக் கண்டு யார் சினங்கொள்வார்? ஓடை அணையைத் தாண்டி விழுமிடத்தில் வெண்ணுரை பொங்குவதைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அந்நுரையோ, காற்று நீரிற் கலப்பதைத் தடுத்தது. கலந்த பொருள் கரையாது தங்கியிருந்தால் வலைபோட்டாவது அள்ளலாம். கரைந்தே இருப்பதனால் அது நீர் செல்லும் இடமெல்லாம் உடன் சென்றது.

மாவை உண்ணும் பாக்டீரியா வினைலை உண்ணாதது ஏன்? மாவுப்பொருட் சங்கிலியில் சர்க்கரை மணிகளுக்கிடையே பிராணவாயு அணு ஒன்று பாலமாக நிற்கின்றது. அப்பாலத்தை நீரின் உதவியால் அறுப்பது நொதிக்கு எளிது. பல்லாயிரம் தலைமுறையாகச் செய்துவரும் வேலை. வினைல் சங்கிலியிலோ கரியணு கரியணுவோடு நேரே கைகோத்து நிற்கின்றது. ஐந்நூறு முதல் இரண்டாயிரம் கண்ணிகள் வரை அவ்வாறே செல்லும். அறுப்பதற்கு வாகான இடம் எங்கும் இல்லை.

இல்லை என்று எண்ணியிருந்த காலத்திலேதான் 1973-ஆம் ஆண்டில் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. சுசூகி முதலிய அறிஞர், மண்ணிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் இனத்துப் பாக்டீரியா ஒன்று வினைல் கஞ்சியையே உணவாகக்கொண்டு வளர்வதை வெளியிட்டனர். இத்தகைய தேடலின் முறை எளியது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. குடுவையில் உப்புக்கள் கலந்த நீரை ஊற்றி, உணவாக வினைல் கஞ்சி ஒன்றையே இட்டு, ஒரு பிடி மண்ணையோ சேற்றையோ கலந்து வைப்பர். மற்ற உணவை விரும்பும் உயிர்களெல்லாம் பட்டினியால் ஒடுங்கும். வினைலை உண்ணவல்லது ஏதேனும் இருப்பின் அது மட்டும் மெல்லப் பெருகும். அதிலிருந்து ஒரு துளி எடுத்துப் புதிய குடுவையில் இடுவர், மீண்டும் காத்திருப்பர்.

உண்டதா இல்லையா என்பதை அறியும் வழி அழகானது. சோற்றுக் கஞ்சியில் அயோடின் துளியை விட்டால் நீல நிறம் தோன்றுவதைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் கண்டிருப்பர். வினைல் கஞ்சியும், போரிக் அமிலம் உடனிருந்தால், அயோடினோடு சேர்ந்து நீலப்பச்சை நிறம் காட்டும். பாக்டீரியா வளர்ந்த தட்டின் மேல் இக்கரைசலை ஊற்றினால் தட்டு முழுதும் நிறம் ஏறும். வினைலை உண்ட பாக்டீரியாக் குடியைச் சுற்றி மட்டும் நிறமற்ற வட்டம் ஒன்று நிலவைச் சுற்றிய ஒளிவட்டம் போல் தெளிந்து நிற்கும். அவ்வட்டத்தின் அகலமே அவ்வுயிரின் திறமைக்குச் சான்று.

அறுக்க இடமில்லாச் சங்கிலியை அது எவ்வாறு அறுத்தது? முதலில் அறுக்கவேண்டிய இடத்தை அதுவே உண்டாக்கிக் கொள்கின்றது. சங்கிலியில் ஒரு கரியணு விட்டு ஒரு கரியணுவில் பிராணவாயுவும் நீரகமும் சேர்ந்த சிறு கூட்டு ஒன்று தொங்குகின்றது. அருகருகே உள்ள இரண்டு கூட்டுக்களிலிருந்து நீரகத்தை ஒரு நொதி கவர்ந்துகொள்ளும். அப்பொழுது இடைப்பட்ட பிணைப்பு வலுவிழக்கும். வலுவிழந்த இடத்தை மற்றொரு நொதி நீரின் துணைகொண்டு வெட்டும். மரம் வெட்டுவோர் முதலில் வரிப்பள்ளம் இட்டுப் பின் வீழ்த்துவதைப் போன்றது இது. நெடுஞ்சங்கிலி குறுஞ்சங்கிலியாகி, அது காடியின் புளிப்பான அசெட்டிக் அமிலம் போன்ற சிறு பொருள்களாகி, ஈற்றில் கரியமில வாயுவும் நீரும் பாக்டீரியாவின் உடலுமாக மாறிவிடும்.

இதனினும் வியத்தகு செய்தி 1981-இல் வெளியாயிற்று. சகசாவா முதலியோர் வினைல் உண்ணும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்றை வளர்த்து, அதிலுள்ள உயிர்களைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். பிரித்த உயிர் ஒவ்வொன்றையும் வினைல் கஞ்சியில் இட்டால் எதுவும் வளரவில்லை. கூட்டமாக இருந்தபொழுது உண்டவை தனியே இருந்தபொழுது உண்ணாதது என்ன விந்தை! இருவகையைச் சேர்த்து வைத்ததும் மீண்டும் வளர்ந்தன. வி.எம். 15 சி என்று குறியிட்ட பாக்டீரியாவிடம் வெட்டும் கருவி இருந்தது. ஆனால் அக்கருவி இயங்குவதற்கு வேண்டிய ஒரு சிறு பொருளைச் செய்ய அதற்குத் தெரியாது. வி.எம். 15 ஏ என்ற மற்றதனிடம் வெட்டும் கருவியே இல்லை. ஆனால் அச்சிறு பொருளைச் செய்து நீரிற் கசியவிட்டது. அதற்குக் கைம்மாறாக, முன்னது வெட்டிய சிதறல்களை உண்டு அது வாழ்ந்தது. அச்சிறு பொருள் பைரோலோகுவினோலின் குவினோன் என்பதாக 1984-இல் ஷிமாவோ முதலியோர் கண்டறிந்தனர். 1979-ஆம் ஆண்டுவரை அப்பொருளின் அமைப்பே உலகுக்குத் தெரியாது. சாக்கடைச் சேற்றின் உயிர்கள் அறிஞர்க்கு முன்னரே அதனைச் செய்தும் கைமாற்றியும் வந்தன.

மாசினைத் தின்னும் அதிசய பாக்டீரியா என்று செய்தித்தாள்கள் அவ்வப்பொழுது எழுதுவதுண்டு. அச்சொல் பாதி உண்மையே. ஒற்றைப் பாக்டீரியாவைப் புட்டியில் அடைத்து ஆலைக் கழிவில் ஊற்றினால், அது துணையின்றித் தவித்தோ, உள்ளூர்ப் பாக்டீரியாக்களோடு போட்டியிட முடியாமலோ அழிந்து போவதே பெரும்பாலும் நிகழும். வேண்டுவது வீரன் ஒருவன் அல்லன், ஊர் ஒன்று.

புதிய பொருளை உண்ணும் திறம் இவற்றிற்கு எங்ஙனம் வந்தது என்பது வேறொரு பெருங்கேள்வி. நைலான் ஆலைக் கழிவில் 1975-ஆம் ஆண்டில் கினோஷிதா முதலியோர் கண்ட கே.ஐ. 72 என்னும் பாக்டீரியா இக்கேள்வியைக் கூர்மையாக்கியது. நைலான் செய்யும்பொழுது கழியும் சிறு துண்டுகளை அது உண்டது. நைலான் முதன்முதல் உண்டாக்கப்பட்டது 1935-இல். நாற்பது ஆண்டுகளுக்கு முன் உலகில் இல்லாத உணவுக்கு ஒரு வாய் தோன்றியிருந்தது. பழைய வேலை ஒன்றைச் செய்துவந்த நொதி சிறிது திரிந்து புதிய வேலைக்குப் பயன்பட்டது என்பது ஆராய்ந்தோர் கருத்து. ஆனால் அந்தப் பாக்டீரியா உண்டது நைலான் செய்கையிற் சிந்திய துணுக்குகளையே. நைலான் சேலையை அன்று. இவ்வேறுபாட்டை மறந்து பேசுவோர் பலர்.

இனி, இவ்வுயிர்களை ஆலையில் வேலைக்கு அமர்த்துவது எப்படி? அதற்கான முறை வினைல் கஞ்சிக்கும் முந்தியது. 1914-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் கழிவுநீரினூடே காற்றைக் குமிழிகளாகச் செலுத்திப் பார்த்தனர். நீர் தூய்மையாக முதலிற் பல வாரங்கள் ஆயின. நீர் தெளிந்தபின் அடியில் தங்கிய சேற்றை எவரும் கொட்டிவிடுவர். அவர்கள் கொட்டவில்லை. அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றி மீண்டும் காற்றைச் செலுத்தினர். நேரம் குறைந்தது. மேலும் மேலும் அவ்வாறே செய்ய, வாரக்கணக்கில் ஆன வேலை ஒரு நாளுக்குள் முடியலாயிற்று. அச்சேறு வெறுஞ்சேறு அன்று. பழகிய பாக்டீரியாக்களின் குடியிருப்பு. இன்றைய கழிவுநீர்த் தொட்டிகள் பல அம்முறையையே பின்பற்றுகின்றன.

வினைல் கஞ்சிக்கு இம்முறை மேலும் பொறுமையை வேண்டும். புதிய தொட்டி ஒன்று முதல் நாளில் வினைலை அநேகமாகத் தொடுவதே இல்லை. பல வாரம் சிறிது சிறிதாக ஊட்டியபின்னரே அதனை உண்ணும் கூட்டம் நிலைபெறுகின்றது. இவை மெதுவாக வளர்வன. ஆகவே சேற்றினை விரைந்து வெளியேற்றினால் இவை பெருகுமுன்னரே வெளியே போய்விடும். குளிர் மிகுந்தால் சோர்ந்துவிடும். துணியாலை நீரில் கரிப்பொருள் மிகுதி. தழைச்சத்தும் மணிச்சத்தும் குறைவு. ஆகவே பயிருக்கு இடுவதுபோல் யூரியாவும் பாஸ்பேட்டும் தொட்டிக்கும் இட வேண்டும். திடீரெனக் காரநீரோ சலவைக் குளோரினோ ஒரு மணி நேரம் புகுந்தால் பல வாரப் பழக்கம் ஒரு பொழுதில் அழியும்.

பாக்டீரியாவால் ஆகாதவையும் பல. துணித்தொழிலின் பெயர்பெற்ற தமிழ்நாட்டு நொய்யலாறு இதற்குச் சான்று. திருப்பூரில் செய்யப்படுவது பின்னலாடை. அதற்கு நூற்கஞ்சி தேவையில்லை. அங்கு ஆற்றைக் கெடுத்தவை சாயமும் உப்பும். சாயத்தைப் பாக்டீரியா ஓரளவு சிதைக்கும். உப்பை எந்தப் பாக்டீரியாவும் உண்ணாது. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2011-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அங்குள்ள சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. பின்னர், கழிவுநீரில் ஒரு துளியும் வெளியே விடாமல் மெல்லிய சவ்வுகளால் வடித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கே நிலைபெற்றது. அம்முறையிலும் சவ்வுகளுக்கு முன்னால் நின்று முதற்சுமையைத் தாங்குவன பாக்டீரியாத் தொட்டிகளே. ஒவ்வொன்றையும் அதனதன் வேலைக்கே வைத்தல் வேண்டும்.

பாலியெஸ்டர் இழைக்கும் இதே நிலை. பாட்டில்கள் செய்யப் பயன்படும் பாலியெஸ்டரை உண்ணும் இடியோனெல்லா சகாயென்சிஸ் என்னும் பாக்டீரியாவை ஜப்பானிலுள்ள சகாய் நகரில் கண்டு 2016-இல் வெளியிட்டனர். மெல்லிய, நெகிழ்ந்த அமைப்புள்ள தாளை அது தின்று முடிக்க 30 பாகை வெப்பத்தில் ஆறு வாரம் ஆயிற்று. துணியிழையோ இழுத்து முறுக்கி இறுகிய அமைப்பு உடையது. சலவையில் உதிரும் அதன் நுண்ணிழைகள் பாக்டீரியாவுக்கு எளிதில் இடங்கொடா. வினைல் கஞ்சியிலும்கூட, 1970-களில் சில ஆலைகள் வேறு வழியைக் கைக்கொண்டன. கழுவிய நீரை நுண்துளைச் சவ்வில் வடிகட்டி, கஞ்சியைத் திரும்பப் பெற்று, மறுபடியும் பாவுக்கே இட்டன. கைப்பொருளைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அதனைத் தின்ன ஆள் தேடுவதைவிட இது மேலான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நெய்யும் இடம் ஓரூரிலும் கழுவும் இடம் மற்றோரூரிலுமாக இருக்கும்பொழுது மீட்ட கஞ்சியை யாரிடம் சேர்ப்பது? அங்கெல்லாம் தொட்டியும் பாக்டீரியாவுமே கதி.

அத்தகைய தொட்டியைக் காக்கும் தொழிலாளி, முறைதோறும் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளையில் சேற்றுநீரை மொண்டு மேசைமேல் வைக்கிறார். அரைமணி நேரம் அசைக்காமல் விடுகிறார். சேறு படிந்த உயரத்தையும் மேல்நீரின் தெளிவையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். சேறு மிதந்தால் ஏதோ நோய் என்று அறிகிறார். பண்டிகை நாட்களில் ஆலை மூடியிருக்கும். தொட்டிக்கு வரும் நீர் நின்றுவிடும். உயிர்கள் பட்டினி கிடக்கும். வெல்லப்பாகைக் கரைத்து ஊற்றி அவற்றைக் காப்பாற்றுவது பல நிலையங்களில் வழக்கம். ஆனால் வெல்லத்தின் இனிப்பில் பெருகுபவை வேறு பாக்டீரியாக்கள். வினைலை உண்பவை மெல்ல எண்ணிக்கையிற் குறைந்து போகும். பொங்கல் கழிந்து தறிகள் ஓடத் தொடங்கும் நாளில் தொட்டி மீண்டும் முதலிலிருந்து பழகவேண்டி வரும். தேர்ந்த தொழிலாளி அதனை அறிவார். ஆலை மூடுவதற்கு முந்திய நாளே கஞ்சி கழுவிய நீரைத் தனித் தொட்டி ஒன்றில் நிரப்பி வைத்துக்கொண்டு, விடுமுறை நாள் ஒவ்வொன்றிலும் காலையும் மாலையும் அதிலிருந்து சிறிது சிறிதாகத் திறந்து விடுகிறார்.